அதே பீரோ, 1996-லும் போன ஆவணியிலும்

வீடு மாற்றிய கதையை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குக் குடி போனோம். ஆடியில் எங்கள் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆவணி பிறந்தால் சாமான் தூக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் முன்னாலேயே சொல்லி வைத்தேன். சொல்லி வைப்பது என்றால் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான். அதைப் பார்த்தே கூலி பேசி முடித்துவிட்டார்கள்.

1996-ல் குகையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். லோடுமேன்கள் நான்கு பேர் வந்தார்கள், கையில் ஒரு வடக்கயிறு, தோளில் ஆளுக்கொரு துண்டு, அவ்வளவுதான். மேஸ்திரி பீரோவில் உள்ளங்கையை வைத்து லேசாக அசைத்துப் பார்த்தார், பேசவே இல்லை. அப்புறம் ஒருவர் குனிந்து நிற்க, மற்ற மூன்று பேர் அவர் முதுகில் அதைச் சாய்த்தார்கள். "சாய்... இன்னும் கொஞ்சம்... நிலை இடிக்குது, புடி" என்று ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுத்துக்கொண்டே இறக்கினார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இந்தத் தடவை ஈச்சர் வண்டியோடு மூன்று பையன்கள், கூடவே ஒருவனுடைய அப்பா. சேலம் லீ பஜார் மண்டியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவராம், வலது தோள் தாழ்ந்துபோய், பிடரியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. பையன்கள் பேட்டரி டிரில்லில் கட்டிலைக் கழற்றி, ஸ்குரூவையெல்லாம் ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே டேப் ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி அலமாரியை பபுள் ஷீட்டில் சுற்றிய நேர்த்தியைப் பார்த்து என் மனைவிக்கு நிம்மதியாகிவிட்டது.

ஆனால் வண்டிக்குள் அடுக்கும்போது பெரியவர் விடவில்லை. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால்தான் சரியும், அதனால் பீரோவைக் கேபின் பக்கம் முட்டக் கொடுத்து, இடையில் மெத்தையைச் செருகச் சொன்னார். பையன்கள் பெல்ட் போட்டு இறுக்கிய பிறகும் தன் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டினார். பாதி மலையில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு பெல்ட் தொளதொளவென்று கிடந்தது, கயிறு அப்படியே இருந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே வீடு சரிவில், ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்க வேண்டும். வீட்டு ஓனர், "வாஷிங் மெஷினுக்கு எதுக்குப்பா ரெண்டு பேரு, அந்தக் காலத்துல ஒரே ஆளு தூக்குவான்" என்றார். மகன், "இல்லைங்க சார், ரெண்டு பேரா இருந்தாத்தான் எடுப்போம்" என்றான், மரியாதையாக, ஆனால் பிடிவாதமாக. பெரியவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவன் சொல்றது சரிதானுங்க, நான் தூக்கித் தூக்கி இப்ப ராத்திரி படுக்க முடியல" என்றார். ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாதென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. இவர் தூக்கிய மூட்டைகள் 75 கிலோ, 100 கிலோ. அந்தப் பையன் மறுத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். பெரியவர் சங்கத்து மூலமாக உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர், 60 வயதானதும் ஓய்வூதியம் வர ஆரம்பித்துவிட்டது. மகனுக்கு அட்டையே இல்லை. போன் வந்தால் வேலை, இன்றைக்கு இந்த வண்டி, நாளைக்கு வேறு வண்டி, சங்கம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கை நசுங்கினால் யார் பார்ப்பார்கள்?

டீ குடிக்கும்போது என் போனிலேயே வாரியத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஆதார் கீழே சேலத்தில், வீட்டில் இருக்கிறதென்றான் மகன். ஞாயிற்றுக்கிழமை சேலம் இறங்கியபோது கூப்பிட்டேன், வந்தான், கூட இருந்த இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு.