ஏழு வயதுக் குழந்தைக்கு கினிப் பன்றி வாங்கலாமா?

செவ்வந்தி:
சென்னையில் மூன்றாவது மாடி பிளாட். மகளுக்கு ஏழு வயது. நாய் கேட்டாள், இங்கே முடியாது என்று சொல்லிவிட்டோம். கடையில் கினிப் பன்றியை (பன்றி இல்லை, வாலில்லாத சின்னக் கொறிக்கும் பிராணி) காட்டி, "கேரட் போட்டா போதும் மேடம், வேற வேலையே இல்லை, ஜோடியா கூண்டோட தர்றேன்" என்கிறார்கள். வாங்கலாமா?

மலைவேம்பு:
வேண்டாம் மேடம். முதல் காரணம் வெயில். ஆண்டிஸ் மலைக் குளிரிலிருந்து வந்த இனம் அது. அதற்குச் சுகமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி. 28-ஐத் தாண்டினாலே திணறும், அதுவும் சென்னைப் புழுக்கத்தில். உடம்பு முழுக்க ரோமம், வியர்த்துத் தணிக்க வழியில்லை. அதனால் மின்விசிறி நமக்குத் தருகிற குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. மே மாத மதியம் மேல்மாடி பால்கனியில் கூண்டு இருந்தால் ஒரு மணி நேரத்தில் செத்துப்போகலாம்.

இரண்டாவது, ஆணும் பெண்ணுமாகத் தருகிற அந்த "ஜோடி". பெண் குட்டி நாலைந்து வாரத்திலேயே சினை பிடிக்கும். சினைக்காலம் 59 முதல் 72 நாள், ஒரு ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு குட்டி. ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினையாகும். ஒரு வருஷத்தில் கூண்டு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பனித்துளி:
மலைவேம்பு சார் சொல்கிற தகவல் சரி, முடிவு சரியில்லை. வெள்ளை எலி, முயல், கினிப் பன்றி மூன்றில் குழந்தை உள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம். பகலிலும் விழித்திருக்கும், கடிப்பது அபூர்வம். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் "வீக் வீக்" என்று கூப்பிடும். குழந்தைக்கு அந்தப் பதில் போதும்.

ஜோடி பிரச்சினைக்கு எளிய தீர்வு: இரண்டு பெண். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் திருப்பிப் பாருங்கள். பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் ஒய் எழுத்துப்போல மடிப்பு தெரியும். ஆணுக்கு அதற்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் குறி வெளிவரும். ஆணோடு ஒரே கூண்டில் இருந்த பெண் ஏற்கெனவே சினையாக இருக்கக்கூடும், அதை எடுக்காதீர்கள்.

கார்த்தி_77:
எதுக்கு ரெண்டு? ஒண்ணா வளர்த்தாத்தான் குழந்தையோட ஒட்டும்.

பனித்துளி:
இல்லை தம்பி. கூட்டமாக வாழ்கிற பிராணி அது. தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அதைத்தான் பலர் சாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றியைத் துணையின்றி வளர்ப்பதே சட்ட விரோதம். குழந்தை பள்ளிக்கூடம் போனபிறகு எட்டு மணி நேரம் அதற்கு யார் துணை? முயலைத் துணைக்கு வைக்கிற யோசனையும் வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத போர்டெடெல்லா கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா வரவழைக்கும்.

மலைவேம்பு:
இரண்டு என்றால் தீனி? கேரட் அதற்குத் தின்பண்டம், அவ்வளவுதான். சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும், நாள் முழுக்க. இறக்குமதி திமோத்தி உலர்புல்லை மாதாமாதம் வாங்குகிற செலவைப் பலர் யோசிப்பதே இல்லை. பிறகு புல்லைக் குறைத்துக் குச்சித் தீவனத்தை (பெல்லட்) நிரப்புகிறார்கள். அதன் பற்கள் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து மென்றால்தான் தேயும். மெல்லாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம்போல மூடிவிடும். பசியோடு ஓடிவந்து வெள்ளரித் துண்டை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும், மறுபடி எடுக்கும். முகவாய் எச்சிலில் நனைந்திருக்கும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லை ராவ வேண்டும்.

தோட்டக்காரன்:
புல்லுக்கு ஏன் வெளிநாடு போகணும்? அருகம்புல் நல்ல தீனி. பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடையில் கட்டாகவே கிடைக்கும். இரண்டு மூன்று தடவை அலசி, நீரை உதறிப் போடுங்க. உலர்த்தணும்னா நிழலில் மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டி இரண்டு மூன்று நாள். ஈரம் மிச்சமிருக்கக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்னால் வயிறு போச்சு. ரோட்டோரப் புல் வேண்டாம், நாய் மூத்திரம். வைக்கோல் பதிலாகாது, சத்து குறைவு, முனை கண்ணில் குத்தும். மாட்டுக்குப் போடுற கம்பு நேப்பியரை தினசரித் தீனியாக்காதீங்க, ஆக்சலேட் அதிகம், மூத்திரப்பையில் கல் வரும். எந்தப் புல்லுக்கு மாற்றினாலும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

பனித்துளி:
இன்னொன்று வைட்டமின் சி. நம்மைப்போலவே அதற்கும் உடம்பில் சுரக்காது. 1907-இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும், வைட்டமின் சி குறைவால் மனிதருக்கு வருகிற ஸ்கர்வி நோய் கினிப் பன்றிக்கும் வரும் என்று காட்டினார்கள். உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாய் எட்டில் ஒரு பங்கு, அல்லது விரல்நுனி அளவு கொய்யாத் துண்டு போதும். குறைந்தால் மூட்டு வீங்கும், தொட்டாலே கத்தும். தண்ணீரில் சொட்டு மருந்து கலக்காதீர்கள், வெளிச்சத்தில் சத்து அழிந்துவிடும். முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், எப்போதாவது போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது.

கூண்டு நாலடிக்கு இரண்டடி. கடையில் தருகிற கம்பிவலைத் தரைக் கூண்டை வாங்காதீர்கள். உள்ளங்கால் சிவந்து, வீங்கி, புண்ணாகும், ஆறவே மாதங்கள் ஆகும். தரையில் செய்தித்தாள் அடுக்கி மேலே ஃபிளீஸ் துணி (கம்பளிபோல மெத்தென்ற செயற்கைத் துணி). குளியல் துண்டு வேண்டாம், நூல் வளையத்தில் நகம் மாட்டும்.

செவ்வந்தி:
இதில் மகள் என்ன செய்யலாம்? பொறுப்பு வரும் என்றுதான் யோசித்தோம்.

மலைவேம்பு:
அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை மேடம். ஐந்து முதல் எட்டு வருஷம் வாழ்கிற உயிர் அது. ஏழு வயதில் வாங்கினால் பத்தாம் வகுப்பு நெருங்கும்வரை இருக்கும். குழந்தைக்குச் சலிப்பு வந்தபிறகு யார் புல் அலசுவது? பொறுப்பு கற்பிக்க ஒரு உயிரைப் பாடப்புத்தகம் ஆக்க வேண்டாம்.

பனித்துளி:
பெரியவர்தான் வளர்ப்பவர், குழந்தை உதவியாளர். இதை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் சலிப்பு வந்தாலும் பிராணி பட்டினி கிடக்காது. மகள் காய்கறி கொடுக்கட்டும், தண்ணீர்ப் புட்டியை நிரப்பட்டும். தூக்குவது மட்டும் தரையில் உட்கார்ந்து: ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில், மடியில் துணி. நின்றபடி தூக்கித் தவறவிட்டால் கால் முறியும், பல் உடையும். தொட்டபிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும். முடி உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைக்கும் தொற்றும்.

ஞாயிறுதோறும் சமையல் தராசில் கூடை வைத்து எடை பார்ப்பதும் மகள் வேலையாகட்டும், நோட்டில் எழுதட்டும். நோயை மறைக்கிற பிராணி இது, எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள். அரை நாள் தீனியே எடுக்காவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மலைவேம்பு:
அதில் ஒன்று சேர்க்கிறேன். குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை வீட்டில் யாரும் ஊற்றிவிடக் கூடாது. குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, சில நாளில் பிராணியையும் கொன்றுவிடும். பாதுகாப்பான ஆன்டிபயாடிக் எதுவென்று இந்தப் பிராணியைப் பார்த்துப் பழகிய மருத்துவருக்குத்தான் தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

தோட்டக்காரன்:
வெயிலுக்கு: ஏசி அறையில் 26-ல் வைக்கலாம், காத்து நேரே படாமல். கரண்ட் போனால் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுத்தி ஒரு மூலையில், பக்கத்தில் வெறும் டைல்ஸ். கால் பரப்பிப் படுத்து, எச்சில் வடிந்து, மூச்சு வாங்கினால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க.

செவ்வந்தி:
எங்கள் வீட்டில் படுக்கையறையில் மட்டும்தான் ஏசி. பகலில் போடுவதில்லை.

பனித்துளி:
ஏப்ரல், மே மதியங்களில் போட முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். முடியாதென்றால் நானும் மலைவேம்பு சார் பக்கம்தான், வாங்காதீர்கள்.