சாலை மறியல் பண்ணித்தான் ஆகணுமா? மூணு மணி நேரம் ரோட்டுல நின்னோம்

கோட்டையூர்க்காரன்:
வணக்கம் மக்களே. போன வாரம் அப்பத்தாவ கண்ணு காட்ட காரைக்குடிக்கு கூட்டிட்டுப் போனேன், வழியில மறியல். ஒரு காலனி சனங்க சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ரோட்டுல உக்காந்துட்டாங்க, மூணு மணி நேரம் பஸ்ஸு நகரல. அப்பத்தாவுக்கு 78 வயசு, சுகர் வேற, வெயில்ல ரொம்ப வாடிப்போச்சு. அவங்க கேக்குறது நியாயந்தான், நான் இல்லைங்கல. ஆனா மனு கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், பேசித் தீத்துக்கலாம்ல? சம்பந்தமே இல்லாத சனத்த ஏன் கஷ்டப்படுத்தணும்? கோவத்துல கேக்கல, நெசமாவே புரியல.

கண்மாய்க்கரை:
அண்ணே, அப்பத்தா இப்ப எப்படி இருக்காங்க? நானும் அந்த மாதிரி ஒரு காலனிதான், தேவகோட்டை பக்கம். எங்க ஐயா, அப்பாவோட அப்பா, செத்தது ஐப்பசி அடைமழையில. வயல் வரப்புல பாடையத் தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னு வழிமறிச்சுட்டாங்க, அதனால கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல எறங்கித்தான் போனோம். இடுப்புக்கு மேல தண்ணி, சித்தப்பாமாரு நாலு பேரும் பாடைய தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க, ஒருத்தருக்கு கால் வழுக்கி பாடை சாஞ்சு ஐயா மேல கெடந்த மாலை தண்ணியோட போயிருச்சு. அப்பா கையில இருந்த கொள்ளிச்சட்டி மழையில அணைஞ்சுபோயி மறுபடி மூட்டுனோம். மனு கொடுக்கலாம்லன்னு கேட்டீங்க. அப்பா கொடுத்த மனுவோட ரசீது ஒரு மஞ்சப்பை நெறைய வீட்டுல கெடக்கு, 11 வருஷத்து ரசீது. நாங்க ரோட்டுல உக்காந்த அன்னைக்கு சாயங்காலமே சர்வேயர் வந்து அளக்க ஆரம்பிச்சாரு. இத எப்படி எடுத்துக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க.

பழைய பேப்பர்:
நல்ல கேள்வி, ஆனா "பேசித் தீத்துக்கலாம்"ங்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே பதில் இருக்கு. 1930 டிசம்பர்ல, சிவகங்கையெல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவுல இருந்த காலம், ஆதிக்க சாதிக்காரங்க ஒடுக்கப்பட்ட சனத்துக்கு எட்டு தடை போட்டாங்க. தங்கம் வெள்ளி போடக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழ எறங்கக்கூடாது, சட்டை கூடாது, குடை செருப்பு கூடாது, பொம்பளைங்க மேல்சீலை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, வீட்டுல மண்சட்டி தவுர வேற ஏனம் இருக்கக்கூடாது. மீறுனவங்க குடிசைய கொளுத்துனாங்க, ஆடுமாட்ட ஓட்டிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் அந்த எட்டு பதினொன்னாச்சு. அப்ப செருப்பு போட்டுட்டுத் தெருவுல நடந்தாலே அது போராட்டம், அதுக்கும் "ஊரு அமைதிய கெடுக்குறானுங்க"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

தேவகோட்டை பக்கத்துல கண்டதேவி கோயில் தேர எடுத்துக்கங்க. உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலைன்னு நாலு நாட்டுக்கும், அதாவது நாலு ஊர்க்கூட்டத்துக்கும், வடம் இழுக்குற உரிமை உண்டு, தலித் சனத்துக்கு மட்டும் இல்ல. எங்களுக்கும் வடத்துல கை வைக்க உரிமை வேணும்னு கேட்டதுல 1998ல தேரே நின்னுச்சு. கேஸு, போலீஸு, அமைதிப் பேச்சுவார்த்தைன்னு இழுத்து, இடையில சில வருஷம் ஓடி, மறுபடி நின்னு, 17 வருஷம் கழிச்சு 2024 ஆனி மாசம்தான் எல்லாரும் சேந்து இழுத்தாங்க, அதுவும் போலீஸ் குவிஞ்சு நிக்க. கோர்ட்டு உத்தரவு பேப்பர்ல எப்பவோ வந்துருச்சு, வடத்துல கை படத்தான் இவ்வளவு காலம். கேட்டவங்க வாய மூடிட்டு இருந்திருந்தா தேரு வருஷா வருஷம் அழகா ஓடியிருக்கும், அவங்க தள்ளி நின்னு பாத்துட்டு இருந்திருப்பாங்க.

வைரவன்பட்டி:
நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆம்புலன்ஸுக்கு வழி விடாத மறியல், பஸ் கண்ணாடிய ஒடைக்கிற மறியல், இதெல்லாம் எவன் பண்ணாலும் தப்பு, ஒடைக்கிறவன் பஸ்ஸுக்குள்ள இருக்குறவனும் கூலிக்காரன்தான்னு யோசிக்கணும். ஆனா ஒன்னு ஒத்துக்குறேன், 1942 ஆகஸ்ட்ல தேவகோட்டையில கோர்ட்டக் கொளுத்துனாங்க, திருவாடானை செயிலையே ஒடைச்சு சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலைய வெளிய கொண்டாந்தாங்க, அத நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னமும் பெருமையாத்தான் சொல்றாங்க. 2017ல மாட்டுக்காக ரோட்டுல உக்காந்தப்ப நானும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போறவங்கிற முறையில ரெண்டு நாள் உக்காந்தேன், அன்னைக்கும் பஸ்ஸு நின்னுச்சு, ஆனா எங்களுக்கு சனம் சோறும் தண்ணியும் கொண்டாந்து கொடுத்துச்சு. பாதை கேட்டு உக்காந்தவங்களுக்கு யாரும் ஒரு செம்பு தண்ணி கொடுத்தமான்னு இப்ப தோணுது, மனசு சங்கடமா இருக்கு.

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பத்தா இப்ப நல்லா இருக்கு தம்பி. நீங்க எழுதுனத சத்தமா படிச்சுக் காட்டுனேன், மாலை தண்ணியில போன எடம் வந்ததும் "போதும்டா"ன்னு கையக் காட்டிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பிள்ளைக்குப் பாதை போட்டாகளா, கேளு"ன்னுச்சு. போட்டாச்சா தம்பி?

கண்மாய்க்கரை:
அப்பத்தாவுக்கு என் கும்பிடச் சொல்லுங்க அண்ணே. பாதி தூரம் கிராவல் அடிச்சிருக்காங்க, வரத்துக்கால் மேல பாலம் இன்னும் வரல. ஐப்பசிக்குள்ள கட்டச்சொல்லி வர்ற திங்கக்கிழமை எல்லாரும் சேந்து போறோம்.