சின்னத் தொட்டிக்கு மேக்னட் கிளீனர் வீட்டுலயே செய்ய: எந்தக் காந்தம், எப்படி சீல் பண்ண?

வண்ணார்பேட்டை கப்பி

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி அளவு 30 × 20 × 20 செ.மீ., கண்ணாடி 4 மி.மீ. மணல், கல் போக 10 லிட்டர் தண்ணி நிக்கும். கப்பி மீனும் செர்ரி இறாலும் கிடக்கு. பின்பக்கமும் ரெண்டு ஓரமும் செடி. முன் கண்ணாடியில மெல்லிசா பச்சைப் பாசி படிஞ்சுக்கிட்டே இருக்கு. கையை உள்ள விட்டுத் தேய்ச்சா செடி பிடுங்கிக்கிட்டு வந்துருது, மணலும் கலங்குது. கடையில விக்கிற மேக்னட் கிளீனர் பெரிய தொட்டிக்கு உள்ளது. இந்தக் கண்ணாடியில வச்சா அப்பிப் பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்கு.

அதனால வீட்டுலயே ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். தண்ணி பாட்டில் மூடி ரெண்டு (ஒண்ணு கண்ணாடிக்கு உள்ள, ஒண்ணு வெளிய), ஒவ்வொண்ணுலயும் ஒரு காந்தம், க்ளூ கன்னால பசை ஊத்தி அடைச்சு, அடியில பச்சை ஸ்க்ரப்பர் ஒட்டுறது. பழைய ஹார்ட் டிஸ்க் ரெண்டு வீட்டுல கிடக்கு, அதுல உள்ள காந்தத்தை எடுக்கலாமா? இறாலுக்கு ஏதும் ஆகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை நீர்ச்செடி

தம்பி, யோசனை சரி. ஆனா மூடி, பசை, ஸ்க்ரப்பர் மூணையுமே மாத்தணும்.

இதுக்குப் போடுற சின்ன, பவரான காந்தம் நியோடிமியம் வகை. அதுல எடைக்குப் பார்த்தா பெரும்பங்கு இரும்புதான். தண்ணி பட்டா துருப்பிடிச்சு, பொங்கி, பொடிப்பொடியா உதிரும். மேல பளபளன்னு தெரியுற நிக்கல் பூச்சு தலைமுடி கனம்கூட இருக்காது, ஒரு கீறல் போதும். அதனால இந்த வேலையில பாதிக்கு மேல சீல் பண்ணுறதுதான். காந்தத்தோட பவர் ரெண்டாவது விஷயம்.

பாட்டில் மூடி பாலிஎதிலீன். அதுல எபாக்சியோ (ரெண்டு டியூப் கலந்து ஒட்டுற பசை) க்ளூ கன் பசையோ உண்மையில ஒட்டாது, சும்மா உக்காந்திருக்கும். கொஞ்ச நாள்ல மூடிக்கும் பசைக்கும் நடுவுல தண்ணி ஊறி காந்தத்துக்குப் போயிரும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது, உள்ள துரு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால மூடியை வெளிக்கூடா வைக்காதீங்க, அச்சா மட்டும் வையுங்க. காந்தம் எல்லாப் பக்கமும் எபாக்சிக்குள்ள முங்கி இருக்கணும், கடைசியில அச்சை உருவிப் போட்டுரணும். அச்சுக்கு பாட்டில் மூடியை விட இருமல் டானிக்கோட வர்ற அளவு மூடி நல்லது. அடி சமமா இருக்கும், மேல போகப்போக அகலமா இருக்கதால வார்த்தது சுளுவா வெளிய வரும்.

ஹார்ட் டிஸ்க் காந்தம் வேண்டாம். அதை இரும்புத் தகட்டுல ஒட்டியிருப்பாங்க, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பும்போதே பூச்சு உரியும், சிலசமயம் காந்தமே உடைஞ்சு சில்லு தெறிக்கும். ஒரே முகத்துல பாதி வடதுருவம், பாதி தென்துருவமா இருக்கதால ஜோடி சேர்க்கவும் குழப்பம். போக, 4 மி.மீ. கண்ணாடிக்கு அவ்வளவு பவர் கூடாது. கடையில வாங்கினது நகராததுக்கும் அதே காரணம்தான்.

வாங்க வேண்டியது: 12 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், என்35 கிரேடு வட்டக் காந்தம் 4. என்52 வாங்காதீங்க, அது பவர் கூடின கிரேடு. கணக்கு எப்படின்னா, கண்ணாடி 4, ரெண்டு பக்கமும் எபாக்சி 1, 1, உள்பக்க வெல்க்ரோ சுமார் 2, வெளிப்பக்கத் துணி 1. ஆகமொத்தம் காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல 9 மி.மீ. வருது. இடைவெளி ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் இழுவை மளமளன்னு இறங்கும். அதனால பிடிப்பு போதலைன்னா பெரிய காந்தம் தேடாம முதல்ல திண்டோட (அடியில ஒட்டுற வெல்க்ரோ, துணி) கனத்தைக் குறைச்சுப் பாருங்க. இறுக்கமா இருந்தா வெளிப்பக்கம் இன்னொரு துணி ஒட்டினாலே சரியாயிரும்.

செய்முறை. எபாக்சிக்கு சாதா ஆரல்டைட் வாங்குங்க. 5 நிமிஷத்துல இறுகுற வகை வேண்டாம், அது தண்ணியில நாள்பட நிக்காது. ஒரு பாதிக்கு சுமார் 2.5 மி.லி. ஆகும். ரெசினும் ஹார்டனரும் சரிசமமா எடுத்து 2 நிமிஷமாவது நிதானமா கலக்குங்க. அளவு தப்பினா எத்தனை நாள் வச்சாலும் பிசுபிசுன்னே இருக்கும். அச்சுக்குள்ள முதல்ல 1 மி.மீ. உயரத்துக்கு மட்டும் ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. இந்த அடுக்கைத் தவிர்த்துட்டு ஒரேயடியா ஊத்தினா காந்தம் அடியில போய் அச்சைத் தொட்டு உக்காந்துரும். அந்த முகம் மூடாமலே போயிரும். துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

மறுநாள் அச்சை இரும்பு தோசைக்கல்லு மேல வையுங்க. எவர்சில்வர் தட்டு சரிப்படாது, பெரும்பாலும் அது காந்தத்தை இழுக்காது. ரெண்டு காந்தத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சு, ஒண்ணு வடதுருவம் மேல, இன்னொண்ணு தென்துருவம் மேல இருக்க மாதிரி பக்கத்துல பக்கத்துல உள்ள விடுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு, கல்லு இழுக்க இழுக்க ஆடாம படிஞ்சு நிக்கும். இப்ப மேல 2 மி.மீ. நிக்குற அளவுக்கு எபாக்சி ஊத்துங்க. ஓரத்துல ஈர்க்குச்சியால குத்தி காத்துக்குமிழியை வெளிய விடுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க.

ரெண்டாவது பாதிக்குத் துருவம் பார்க்கவே வேண்டாம். முதல் பாதியை அச்சுல இருந்து எடுத்து, தேய்க்கிற முகம் மேல பார்க்க வச்சு, அது மேல ஒரு துண்டுக் கண்ணாடி, அது மேல 1 மி.மீ. அடுக்கு காய்ஞ்ச ரெண்டாவது அச்சு. அதுக்குள்ள காந்தத்தை விட்டா தானே திரும்பி சரியான துருவத்துல உக்காரும். அப்படியே ஊத்திருங்க. இப்படி எதிரெதிர் துருவம் வச்சதுல இன்னொரு லாபம், வெளிய நீங்க எப்படித் திருப்புறீங்களோ உள்ள உள்ளதும் அப்படியே திரும்பும். ஒத்தைக் காந்தம்னா உள்ள உள்ளது தன்பாட்டுக்குச் சுத்தும்.

திண்டுக்கு வெல்க்ரோ. தையல் சாமான் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். பின்னால ஸ்டிக்கர் உள்ளது தண்ணியில உரிஞ்சிரும், தைக்கிற வகை வாங்குங்க. முள்ளுப் பக்கம் தொட்டிக்குள்ள, பஞ்சுப் பக்கம் வெளிய. எபாக்சி முகத்தை 220 நம்பர் உப்புத்தாளால லேசா உரசி, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத சிலிகான் வச்சு மெல்லிசா ஒட்டுங்க. புளிச்ச வாடை முழுசா போன பிறகுதான் தண்ணியில இறக்கணும். பச்சை ஸ்க்ரப்பர்ல உரசுறதுக்குன்னே அலுமினியம் ஆக்சைடுத் துகள் சேர்த்திருப்பாங்க, கண்ணாடியில கோடு விழும். விழுந்த கோட்டுல பாசி குடியேறினா பிறகு எதுக்கும் போகாது.

அம்பை இறால்

பாளை அண்ணாச்சி சொன்னதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா கேள்வியில இறால் இருக்கு. அந்தப் பூச்சு வெறும் நிக்கல் கிடையாது. சாதாரணமா நிக்கல், நடுவுல செம்பு, மேல நிக்கல்னு மூணு அடுக்கு. செம்பு கொஞ்சம் கரைஞ்சாலே செர்ரி இறால் தாங்காது, மீனு தாக்குப்பிடிக்கிற அளவே இறாலைக் கொன்னுரும். 10 லிட்டர் தண்ணியில அந்த அளவு ரொம்பச் சீக்கிரம் எட்டிரும். அதனால தொட்டியில போடுறதுக்கு முன்னால சோதனை பண்ணியே ஆகணும்.

ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு கரைச்சு, உள்ள போகப்போற பாதியை ஒரு வாரம் முக்கி வையுங்க. வெள்ளைப் பேப்பர் மேல டம்ளரை வச்சா நிறம் மாறுறது தெரியும். உப்புத்தண்ணி துருவை வேகமா கிளப்பிவிடும். பழுப்பா ஒரு புள்ளி, எபாக்சியில ஊசிமுனை அளவு கறை, எது தெரிஞ்சாலும் அதைத் தூரப் போடுங்க. மேல இன்னொரு கோட் பூசிக் காப்பாத்தலாம்னு நினைக்காதீங்க, உள்ள போன ஈரம் உள்ளயேதான் இருக்கும். தேறினா நல்ல தண்ணியில கழுவி உப்புப் போக ஊற வச்சு எடுத்துக்கிடுங்க.

அடுத்தது, தேய்ச்சு முடிச்சதும் உள்பாதியைக் கண்ணாடியிலயே மாட்டி விட்டுட்டுப் போறாங்க பாருங்க, அது வேண்டாம். வெல்க்ரோ முள்ளுல பாசி பிடிக்கும், அதை மேய இறால்குஞ்சு வந்து நுழையும். நீங்க மறுபடி நகர்த்துன உடனே நசுங்கும். வேலை முடிஞ்சதும் வெளிய எடுத்து, தொட்டித் தண்ணியிலயே அலசி, காய வச்சிருங்க. நடுவுல ஒரு செ.மீ. கனத்துக்கு அட்டை வச்சு ரெண்டையும் ஜோடியா வைக்கலாம். எப்பவும் முங்கிக் கிடக்காததால சீலும் ரொம்ப நாள் தாங்கும். கொதிதண்ணி மட்டும் காட்டாதீங்க. எபாக்சி இளகும், 80 டிகிரிக்கு மேல போனா சாதா நியோடிமியம் பவரும் இழந்துரும்.

வீட்டுல சின்னப்பிள்ளைங்க இருந்தா மிச்சக் காந்தத்தைக் கைக்கு எட்டாம வையுங்க. ரெண்டை விழுங்கிட்டா குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கிடும். ஆபரேஷன் வரைக்கும் போற விஷயம் அது.

டவுண் மீன்தொட்டி

செய்யுறதுக்கு எல்லாம் சொல்லிட்டாங்க, நான் தேய்க்கிறதைப் பத்திச் சொல்லுதேன். கண்ணாடியில கீறல் விழுறது பெரும்பாலும் திண்டால இல்ல, அதுல மாட்டுன மணலால. ஒரு மணி மணல் வெல்க்ரோவுக்குள்ள போனாப் போதும், முழுநீளத்துக்குக் கோடு இழுத்துரும். மணல்மட்டத்துக்கு மேல 2 செ.மீ. விட்டுருங்க, அதுக்குக் கீழ பழைய ஏடிஎம் கார்டு. தேய்க்கும்போது கீழ இருந்து மேல இழுங்க. கீழ விழுந்துட்டா அப்படியே மாட்டாதீங்க, வெளிய எடுத்து விரலால தடவிப் பார்த்து அலசிட்டு மாட்டுங்க. இதுக்காக உள்பாதியை வார்க்கும்போதே ஓரத்துல தூண்டில் நரம்பு ஒரு முழம் பதிச்சிருங்க. நுனி தொட்டிக்கு வெளிய தொங்கணும். கையை விடாமலே தூக்கிரலாம்.

மாட்டும்போது உள்பாதியை முதல்ல தண்ணிக்குள்ள கண்ணாடியில சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, வெளிப்பாதியை பக்கத்துல இருந்து நைசா நகர்த்திக் கொண்டாங்க. நேருக்கு நேரா கொண்டுபோனா படக்குன்னு வந்து அடிக்கும். மூலையில ஒட்டியிருக்க சிலிகான் கிட்டப் போகாதீங்க, முள்ளு அதைப் பிய்ச்சு ஓரத்தைக் கிளப்பிரும். ஒரு செ.மீ. தள்ளியே நில்லுங்க.

இது எந்தப் பாசிக்குக் கேக்கும்னும் தெரிஞ்சுக்கிடணும். புதுத் தொட்டியில வர்ற பழுப்புப் பாசி, பச்சைத் தூசி மாதிரி படியுறது, ரெண்டும் ஒரே இழுப்புல வந்துரும். வட்டவட்டமா பச்சைப் புள்ளி கெட்டியா பிடிச்சிருந்தா இந்தக் காந்தத்துக்கு அசையாது. அதுக்கு கார்டுதான், இல்லைன்னா பிளேடு. நாலு நாளைக்கு ஒருதடவை இழுத்து விட்டாலே புள்ளி கெட்டியாக விடாது. தொட்டி மேற்கு பார்த்த ஜன்னல் கிட்ட இருந்தா முதல்ல இடத்தை மாத்துங்க. நம்மூர் சாயங்கால வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலே தேய்ச்சு முடியாது.

போர் தண்ணி ஊத்துற வீட்டுல மேல்விளிம்புல வெள்ளையா ஒரு கோடு நிக்கும். அது பாசி இல்ல, சுண்ணாம்பு. மேக்னட் வச்சு அதைத் தேய்ச்சா திண்டுதான் வீணாப் போகும். தண்ணியை 3 செ.மீ. இறக்கி, வினிகர் தொட்ட துணியைக் கோட்டு மேல பத்து நிமிஷம் ஒட்டி வச்சுத் துடைங்க, துளி உள்ள விழாம. தாமிரபரணி குழாத்தண்ணி வர்ற தெருவுல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

வண்ணார்பேட்டை கப்பி

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. டானிக் மூடி ரெண்டு எடுத்து வச்சாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். உள்பாதி கழண்டா மேல மிதந்து வர்ற மாதிரி தெர்மாகோல் வைக்கலாமா, எவ்வளவு வேணும்? ஃபைட்டர் மீன் கிடக்க சின்ன பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணும் இருக்கு, அதுலயும் இதையே ஓட்டலாமா அண்ணாச்சி?

பாளை நீர்ச்செடி

மிதக்க வைக்கலாம், கணக்கு இப்படி. 12 × 3 காந்தம் ஒண்ணு சுமார் 2.5 கிராம், ரெண்டுக்கு 5. எபாக்சி 3 கிராம். மொத்தம் 8 கிராம், அது தள்ளுற தண்ணி 3 கிராம் சொச்சம். பாக்கி 5 கிராமை தெர்மாகோல் தூக்கணும். 2.5 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனத்துக்கு ஒரு துண்டு வச்சா 6 கிராம் வரை தூக்கும், போதும். ஆனா அதை முதுகுல ஒட்டினா உள்பாதி ஒண்ணரை செ.மீ.க்கு மேல தடிமனாயிரும், உங்க தொட்டியில செடிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நுழையாது. தெர்மாகோல் மணிமணியா உதிரவும் செய்யும், கப்பி அதைக் கொத்தும். 20 செ.மீ. உயரத்துக்கு தூண்டில் நரம்புதான் சரி, டவுண் அக்கா சொன்னதையே செய்யுங்க. நரம்பைப் பதிக்கும்போது எபாக்சிக்குள்ள இருக்க நுனியில ஒரு முடிச்சு போட்டுருங்க, இல்லைன்னா உருவிக்கிட்டு வந்துரும். முடிச்சு காந்தத்தைத் தொடக்கூடாது, நரம்பு ஓரமா ஈரம் ஏறும்.

பிளாஸ்டிக் தொட்டிக்கு இதை ஓட்டாதீங்க. வெல்க்ரோ முள்ளு கண்ணாடியைக் கீறாது, பிளாஸ்டிக்கைக் கீறும். அதுக்குத் தனியா ஒரு ஜோடி வார்த்து, ரெண்டு பக்கமும் பஞ்சுப் பக்கமே ஒட்டுங்க. சுவர் 2 மி.மீ.தான் இருக்கும்ங்கறதால ஒரு பாதிக்கு ரெண்டு காந்தம் வேண்டாம், 10 × 2 மி.மீ. ஒண்ணு போதும். சுவர் வளைஞ்சிருந்தா திண்டு 15 மி.மீ. அகலத்துக்கு மேல போகக்கூடாது, போனா நடு தொடாம ரெண்டு ஓரம் மட்டும் தேய்க்கும். ஃபைட்டர் இருக்க தொட்டியில மெதுவா நகர்த்துங்க, வேகமா இழுத்தா எதிரி வந்துட்டான்னு செவுளை விரிச்சுக்கிட்டு பின்னாலயே அலையும்.