பெரியவீடு குரூப்: 19ஆம் தேதி ஃபிளைட் ரத்து

பாலு மாமா: ஏர்லைன்ஸ்ல இருந்து மெசேஜ். பாலி ஃபிளைட், மார்ச் 19, கேன்சலாம். காரணம் போடல

வசந்தி அத்தை: அய்யோ, எரிமலையா?

மீனா அக்கா: அகுங் மலை வெடிச்சிருச்சுன்னு ஒரு வீடியோ சுத்துது

கார்த்தி: அது 2017 வீடியோக்கா. ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க

சேகர் சித்தப்பா: எரிமலை எல்லாம் இல்ல. 19 அன்னிக்கு நியெபி, பாலி இந்துக்களோட வருஷப் பிறப்பு. சக வருஷம் 1948. காலை 6 மணியிலேர்ந்து மறுநாள் காலை 6 வரைக்கும் தீ, வேலை, பயணம், கேளிக்கை நாலும் கூடாது. ஏர்போர்ட்டையே மூடிடுவாங்க. மொபைல் டேட்டாவும் நிறுத்திடுவாங்க. தங்கின இடத்தை விட்டு வெளிய வந்தா பெச்சலாங்னு ஊர்க் காவலுக்கு நிக்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க

ராஜி பெரியம்மா: நம்ம காலண்டர்ல அன்னிக்குத்தான் தெலுங்கு வருஷப் பிறப்பு போட்டிருக்கு

சேகர் சித்தப்பா: ஆமா அண்ணி. ரெண்டும் அமாவாசையை ஒட்டின சக வருஷக் கணக்குதான்

பாலு மாமா: அப்ப 20க்கு மாத்தட்டுமா

சேகர் சித்தப்பா: 17க்கு மாத்துங்க அத்தான், கிளுங்குங்ல தங்கிடலாம். 18 சாயங்காலம் ஒகோ-ஒகோ, மூங்கில் கட்டிச் செஞ்ச பெரிய பெரிய பூத பொம்மைகளைத் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. மதியத்துக்கு மேல ரோடு அடைபட்டுடும், 18 வந்து இறங்கினா ஊருக்குள்ள கார் போகாது

வசந்தி அத்தை: 17னா ரெண்டு ராத்திரி ரூம் வாடகை கூட

பாலு மாமா: 👆

கார்த்தி: உபுத்ல ரூம் பார்த்தாச்சே. எதுக்கு கிளுங்குங்?

சேகர் சித்தப்பா: உபுத்ல கூட்டம் தாங்காது. கிளுங்குங் சின்ன டவுன், போர்டுல செமராபுரான்னு இருக்கும். ஏர்போர்ட்லேர்ந்து கடலோர பைபாஸ்ல ஒன்றரை மணி நேரம். ஜாவாவோட மஜாபாஹித் பேரரசு வழி வந்த ராஜாக்கள் முதல்ல தெற்கே கெல்கெல்ல இருந்தாங்க, அப்புறம் இங்க வந்தாங்க. பாலியில மத்த ராஜாக்கள் இவங்களைத்தான் மூத்த வீடா மதிச்சாங்க. 1908 ஏப்ரல் 28 டச்சுப் படை வந்து சூழ்ந்தப்ப தேவ அகுங் ஜம்பே சரணடையல. குடும்பத்தோட வெள்ளை உடுத்தி துப்பாக்கிக்கு நேரா நடந்து போய் உயிரை விட்டார். புபுத்தான்னு சொல்றது அதைத்தான். அரண்மனையில இப்ப பார்க்கறதுக்கு மிஞ்சினது பெரிய வாசல், குளத்து நடுவுல பாலே கம்பாங் மண்டபம், மூலையில கெர்த்தா கோசா. நாற்சந்திக்கு அந்தப் பக்கம் நினைவுத் தூண்

மீனா அக்கா: படிச்சு முடிக்கவே ஒன்றரை மணி நேரம் சித்தப்பா

சேகர் சித்தப்பா: இன்னும் இருக்கு. கெர்த்தா கோசா வழக்கு விசாரிச்ச மண்டபம். கூரை உள்பக்கம் முழுக்க காமாசான் ஊர் ஓவியம். கீழ் வரிசை தந்திரிக் கதைகள் (நம்ம பஞ்சதந்திரம் மாதிரி), அதுக்கு மேல பீமன் நரகத்துக்குப் போறது, என்ன பாவத்துக்கு என்ன தண்டனைன்னு வரிசையா. பழைய படங்கள் துணியில இருந்து கெட்டுப் போச்சு, 1960ல ஆஸ்பெஸ்டாஸ் பலகையில திரும்ப வரைஞ்சாங்க. படம் சின்னது, உயரத்துல இருட்டா இருக்கும். பைனாகுலர் இல்லாம போனா வீண்

ராஜி பெரியம்மா: பீமன் ஏன் நரகத்துக்குப் போனான்?

சேகர் சித்தப்பா: பாண்டுவையும் மாத்ரியையும் மீட்டுட்டு வர. அனுப்பினது குந்தி

ராஜி பெரியம்மா: மாத்ரியையுமா! குந்திக்குப் பெரிய மனசு

சரளா சித்தி: சக்களத்திக்கே செஞ்சிருக்கா. நம்ம வீட்ல ஓரகத்திக்கு ஒரு போன் வராது

மீனா அக்கா: சித்தி 🙏 அப்புறம் பேசிக்கலாம்

ராஜி பெரியம்மா: நான் சைவம். அங்க எனக்கு என்ன கிடைக்கும்?

சேகர் சித்தப்பா: அந்த ஊர்ச் சாப்பாடே காய்தான் அண்ணி, செரொம்போத்தான். வள்ளைக்கீரை, முளைப்பயறு, காராமணிக்காய் எல்லாம் வேகவச்சு தேங்காய்த் துருவல் பிரட்டி, மஞ்சளும் கச்சோலமும் போட்ட தேங்காய்ப்பால் ஊத்துவாங்க. ஆனா காரத்துல தெராசி இருக்கும், இறால் விழுது. சந்தையில காலையிலயே அரைச்சு வச்சிருவாங்க, பிரிச்சு எடுக்க முடியாது. புதுசா அரைக்கற கடையா பார்த்து, அரைக்கறதுக்கு முன்னாடியே "தன்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமன்னு சொல்லணும். நியெபிக்கு கடை மூடிடும், பழம், பிரெட், தண்ணி 18 மதியத்துக்குள்ள வாங்கிடணும்

ராஜி பெரியம்மா: புளிக்காய்ச்சல் கொண்டு வரேன்

கார்த்தி: குசம்பா உப்பு கிளுங்குங் பக்கம்தானே? வாங்கிட்டு வரலாம்

சேகர் சித்தப்பா: பக்கம்தான். கடல் தண்ணியைக் கறுப்பு மணல்ல தெளிச்சுக் காயவிடுவாங்க. அந்த மணலைச் சுரண்டி மரத்தொட்டியில போட்டு, மறுபடி கடல் தண்ணி ஊத்தி வடிச்சு, வர்ற கெட்டி உப்புத்தண்ணியைப் பிளந்த தென்னந்தண்டுல ஊத்தி வெயில்ல வைப்பாங்க. மழை பெஞ்சா மணல்ல இருக்கற உப்பெல்லாம் கரைஞ்சு போயிடும். மார்ச்ல மழை இன்னும் விட்டிருக்காது, நம்பிப் போகாதே

பாலு மாமா: உப்பு இருக்கட்டும். 17ஆ 20ஆ?

வசந்தி அத்தை: 20

சேகர் சித்தப்பா: 17

ராஜி பெரியம்மா: பீமனைப் பார்க்கணும், எதுனாலும் சரி

பாலு மாமா: பொதுப் பணம் ஆளுக்கு 5000 போடுங்க. விசா 5 லட்சம், சுற்றுலா வரி 1.5 லட்சம் தனி

வசந்தி அத்தை: 5 லட்சமா!!

கார்த்தி: ரூபியா அத்தை. நம்ம பணத்துல மூவாயிரத்துக்குள்ள

சரளா சித்தி: காசி டூர் கணக்கு வந்தப்புறம் 5000 போடறேன்

பாலு மாமா: அந்த நோட்டு உங்க வீட்லதான் இருக்கு சரளா

சரளா சித்தி: எங்க வீட்லயா?

மீனா அக்கா: எல்லார் பாஸ்போர்ட்டும் இறங்கற நாள்லேர்ந்து 6 மாசம் செல்லுபடியாகணும். பெரிய வீட்டு பாஸ்போர்ட்லாம் யார்கிட்ட?

ராஜி பெரியம்மா: பீரோல. சாவி அவர்கிட்ட, அவர் தூங்கறார்

பாலு மாமா: எழுந்ததும் தேதியைப் பார்த்துப் போடுங்க அண்ணி. அதுவரைக்கும் டிக்கெட்டைத் தொடல