புதுப்பிப்பு: சீனன்குடாவில் உருகிக் கிடக்கும் எண்ணெய்த் தாங்கி

போன வாரம் திருகோணமலைப் பக்கம் எங்கள் சீனன்குடாக் காட்டுக்குள் உருகிச் சுருண்டு கிடக்கும் எண்ணெய்த் தாங்கியை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டியைப் பற்றி எழுதியபோது, அது இலங்கையின் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் எரிந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது பிழை. 1942 ஏப்ரல் 9 காலையில், ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒரு விமானம் அந்தத் தாங்கி மேலேயே விழுந்து மோத, நெருப்பு ஏழு நாள் எரிந்ததாம். அம்மம்மா "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று வயசுக் கணக்குச் சொல்லும்போது நாங்கள் சிரித்திருக்கிறோம், என்ன செய்ய.

அதே நாள் அதே படை மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தது, 300 பேருக்கு மேல் செத்தார்கள். சரி, படம் கேட்டவர்களுக்கு: அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போடுகிறேன்.