சமுராய் ட்ரான்ஸ்பர் பொக்ஸை வீட்டிலேயே பிரித்துக் கட்டலாமா?

உப்புவெளி ஜீப்

வணக்கம். என்னிடம் 1300 சிசி சுசுக்கி சமுராய் ஒன்று உள்ளது. மைத்துனரின் படகைக் கரைக்கு இழுக்கவும், ஓய்வு நாட்களில் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்து மணல் வழிகளில் ஓடவும் அதைப் பயன்படுத்துகிறேன். சில மாதங்களாக, லோ கியரில் படகை இழுக்கும்போது ட்ரான்ஸ்பர் பொக்ஸின் (கியர் பொக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து, ஹை, லோ என இரு கியர்களைத் தரும் பெட்டி) லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பொக்ஸின் ஒயிலை வடித்தபோது அது பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. எப்படியும் பொக்ஸைக் கழற்ற வேண்டியிருப்பதால், லோ விகிதத்தை 4.16 ஆக்கும் கியர் செட்டையும் கையோடு பொருத்திவிட எண்ணுகிறேன். ஜாக்கி, ஸ்பானர்கள், ஒரு புல்லர் ஆகியவற்றுடன் இவ்வேலையை வீட்டில் செய்ய முடியுமா?

கிண்ணியா பட்டறை

முடியும் தம்பி. ஆனால் கழற்றுவதற்கு முன் பொக்ஸைத் தாங்கும் மூன்று றப்பர் மவுண்டுகளையும் பாருங்கள். சமுராயில் இந்தப் பொக்ஸ் கியர் பொக்ஸோடு ஒட்டியிராமல், இடையில் ஒரு சிறிய புரொப்பெல்லர் சாஃப்டுடன் தனியே தொங்குகிறது. லீவரோ பொக்ஸிலிருந்தே நேராகத் தளத்துத் துளை வழியாக மேலே வருகிறது. ஆகவே ஒரு மவுண்ட் கிழிந்திருந்தாலும், பாரம் இழுக்கையில் பொக்ஸ் முறுக்கிக்கொள்ள, லீவர் தளத்தில் இடித்துக் கியரை விட்டு விலகும். எஞ்சினை நிறுத்திவிட்டு, அலவாங்கால் பொக்ஸை நெம்பிப் பாருங்கள்; உண்மை தெரிந்துவிடும்.

மவுண்டுகள் நன்றாக இருந்தால் மட்டுமே போர்க்கின் (கியரைத் தள்ளும் கவர்) தேய்மானம், டிடென்ட் ஸ்பிரிங்கின் (கியரை இடத்தில் பிடித்து வைப்பது) தளர்வு, கியர் கொளுவும் பற்களின் முனை மழுங்கல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஸ்பிரிங் மூடிகளைக் கழற்றும்போது உள்ளிருக்கும் சிறு குண்டுகள் துள்ளி ஓடும் என்பதால் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். என் குண்டு ஒன்று இன்றுவரை அகப்படவில்லை.

ஒயிலில் நீர் கலந்தது வேறு கதை. சூடான பொக்ஸ் கடல் நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் (பொக்ஸ் மூச்சுவிடும் துளை) வழியாகவும் ஒயில் சீல்கள் வழியாகவும் நீரை உறிஞ்சுகிறது. பிரீதரிலிருந்து ஒரு பெற்றோல் குழாயை எஞ்சின் அறையின் உச்சிவரை இழுத்துக் கட்டாமல் புதிய சீல் போடுவது வீண் செலவு. உப்பு நீர் போயிருப்பதால், நீடில் பெயாரிங் (ஊசி போன்ற உருளைகள் கொண்டது) ஓடும் சாஃப்டின் மேற்பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் சாஃப்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

மூதூர் மணல்

கியர் செட் குறித்து எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. சமுராயின் மூல விகிதம் (பொக்ஸின் வெளியீடு ஒரு சுற்றுச் சுற்ற உள்ளீடு சுற்றும் தடவைகள்) ஹையில் 1.409, லோவில் 2.268. வழக்கமாக விற்கும் 4.16 செட்டைப் போட்டால் லோ விகிதம் ஏறத்தாழ 83 சதவீதம் கூடி லோ கியர் அந்தளவு தாழ்வதோடு, ஹை விகிதமும் 1.58 ஆகிவிடும்; அதாவது பெரிய ரயர் இல்லாத வாகனத்தில் அனுராதபுரம் வீதியில் அதே வேகத்துக்கு எஞ்சின் 12 சதவீதம் கூடுதலாகச் சுழலும். ஸ்பீடோமீட்டரின் கேபிள் பொக்ஸின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து வருவதால் அதில் மாற்றம் இராது.

அவ்வளவு தாழ்ந்த லோ பாறை ஏறுவோருக்கே உரியது. மணலில் சக்கரம் ஓரளவு வேகத்தோடு உருள வேண்டும், ரயரின் காற்றையும் குறைக்க வேண்டும். தவிர, படகின் பாரத்தோடு பெருகும் முறுக்கு விசை உங்கள் மவுண்டுகளையும் முன் அச்சு மூட்டுகளையும் முதலில் பதம் பார்க்கும். லோ இன்னும் சிறிது தாழ்ந்தால் போதுமெனில், பழைய 1000 சிசி எஸ்ஜே410 இன் விகிதங்களான 1.58, 2.511 ஆகியவையே தாராளம். முழுப் பொக்ஸாக வாங்குவதானால் பிளாஞ்சின் (புரொப்பெல்லர் சாஃப்டைப் பூட்டும் தட்டு) துளைகளை ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

உப்புவெளி ஜீப்

இருவருக்கும் நன்றி. அலவாங்கு வைத்ததுமே ஒரு மவுண்ட் இரண்டாகப் பிளந்திருந்தது தெரிந்தது. பொக்ஸை இறக்கிப் பிரித்தும் விட்டேன். பற்கள் கூர்மையாகவே உள்ளன. ஆனால் கவுண்டர் சாஃப்டில் (பொக்ஸினுள் இருக்கும் இடைச் சாஃப்ட்) நகம் தடக்குகிறது. பெயாரிங்குகளில் பொறித்திருக்கும் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகவிருக்கிறேன். 4.16 எண்ணத்தை இப்போதைக்குக் கைவிட்டாயிற்று. வாகனம் எழும்வரை படகை இழுக்க உழவு இயந்திரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதென்று மைத்துனர்தான் முணுமுணுக்கிறார்.

கிண்ணியா பட்டறை

சாஃப்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் தம்பி. கடையில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.