டர்பனுக்கு ரேடியோ கடிகாரம் கொண்டு வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்துவிட்டு தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு மாற்றலாகி வந்தபோது, அங்கே தானாகவே நேரம் திருத்திக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தையும் ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வந்தேன். பேட்டரி போட்டதும் முட்கள் விறுவிறுவென்று ஓடிப் பன்னிரண்டில் போய் நின்றன. நின்றது நின்றதுதான். ஜன்னலோரம் வைத்தேன், டிவி பக்கத்திலிருந்து நகர்த்தினேன், ஒரு ராத்திரி முழுக்க பால்கனியில் கிடத்தினேன், பேட்டரியை இரண்டு தரம் மாற்றினேன். "அப்படியே தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போங்க" என்றாள் மனைவி.

போயிருந்தாலும் வந்திருக்காது. அது தேடுவது டிசிஎஃப்77 என்கிற ரேடியோ நேர சிக்னலை, அதைப் பிடித்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். பிராங்க்பர்ட் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வருவது, எட்டும் தூரம் சுமார் 2,000 கிலோமீட்டர். டர்பன் அதற்கு நாலு மடங்கு தாண்டி இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பானில் வாங்கியவைக்கும் இதே கதிதான், அவை அந்தந்த நாட்டு நேர சிக்னல் கோபுரத்தைத் தேடும். தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு கோபுரமே கிடையாது. ஜன்னலோரம் வையுங்கள், பேட்டரியை மாற்றுங்கள் என்று சொல்லும் வீடியோக்கள் எல்லாம் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு. நீங்கள் பழுது தேடாதீர்கள்.

கையால் வைத்துவிட வேண்டியதுதான். முள் கடிகாரம் என்றால் பின்னால் எம்.செட் என்று ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும், என்னுடையதில் அதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முள் நகர ஆரம்பிக்கிறது, நேரம் வந்ததும் விட வேண்டும். தாண்டிவிட்டால் மறுபடி முழுச் சுற்று, அதனால் கடைசி அஞ்சு நிமிஷத்தைத் தட்டித் தட்டி நகர்த்துங்கள். டிஜிட்டல் என்றால் மெனுவில் ஆர்சிசி (ரேடியோ சிக்னல் தேடும் வசதி) என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் தினமும் ராத்திரி கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். அதற்குப் பிறகு அது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், மாதம் சில நொடி முன்னே பின்னே போகும், அவ்வளவுதான்.

இங்கே கோடை நேரம், குளிர்கால நேரம் என்று மாற்றுகிற வேலை இல்லை, வருஷம் முழுக்க ஒரே நேரம். ஜெர்மனியில் கோடை நேரம் நடக்கும்போது இரண்டு ஊரும் ஒன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் அவர்கள் ஒரு மணி பின்னால்.

கேசியோ மல்டிபேண்ட் 6 கைக்கடிகாரம் கட்டுபவர்களும் கவனியுங்கள், அது ஆறு கோபுரங்களின் சிக்னலை எடுக்கும் என்றாலும் அவற்றில் ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் இல்லை. புளூடூத் உள்ள மாடல் என்றால் போன் பார்த்துக்கொள்ளும். ஜிபிஎஸ் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை, வானம் தெரிந்தால் போதும். ஆன்லைனில் "தானே திருத்திக்கொள்ளும்" என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள், எதை வைத்துத் திருத்துகிறது என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் ஹாலுக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிவிட்டோம். ஜெர்மனிக்காரரை அடுப்படியில் மாட்டி, மூன்றரை மணி முன்னால் தள்ளி, சென்னை நேரம் வைத்திருக்கிறாள் மனைவி. இங்கே ராத்திரி ஒன்பதுக்கு நான் போனை எடுத்தால் கரண்டியால் அதைக் காட்டுகிறாள். அங்கே பன்னிரண்டரை, அம்மா தூங்கியிருப்பார்.